பிறரைக் காத்த பிள்ளைக்கு மரியாதை செய்வது எப்படி? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கத்து வீட்டில் தீப்பிடித்தபோது சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்த சிறுமி. வெள்ளவத்தைக் கடலில் அலை இழுத்த நண்பனைக் கரைசேர்த்த பையன். பஸ்ஸில் ஒரு பெண்ணிடம் சேட்டை விட்டவனைத் தடுக்கப்போய் அடிவாங்கிய உயர்தர மாணவன். இப்படி ஒரு செய்தி நம் பகுதியில் பரவினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றிரவே படம் எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் வந்துவிடும். இரண்டொரு நாளில் ஒழுங்கை முனையில் பனர் ஏறும். அந்த வார இறுதியில் பொன்னாடை. அடுத்த மாதம் அந்தப் பிள்ளையின் காயத்துக்கு மருந்து கட்ட கிளினிக்குக்கு யார் கூட்டிப்போகிறார்கள் என்று பார்த்தால், தாய் மட்டும் தனியே போய்வந்துகொண்டிருப்பார்.

மரியாதை செய்யத்தான் வேண்டும். இன்னொருவருக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்த பிள்ளையைக் கண்டும் காணாமல் விடும் ஊர் நல்ல ஊர் அல்ல. ஆனால் மரியாதையின் பெரும்பகுதி இரண்டு வேலைகளில் இருக்கிறது: நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதி வைப்பது, அப்புறம் அந்தப் பிள்ளையைக் கைவிடாமல் தாங்குவது. மேடைக்குச் செலவாவது ஒரு மாலைப்பொழுதுதான். ஒழுங்கை நலன்புரிச் சங்கம், தொடர்மாடிக் குழு, கோயில் பரிபாலன சபை, பங்குச் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் என்று யார் பொறுப்பெடுத்தாலும் வரிசை அநேகமாக இதுதான்.

1. முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்

மண்டபம் பார்க்கும் முன், பனருக்குச் சொல்லும் முன், வீட்டுக்குப் போங்கள். கூட்டமாக வேண்டாம். பெரியவர்கள் இருவர் போதும். அதில் ஒருவர் அந்தப் பிள்ளைக்கு முன்பே பழக்கமானவராக இருக்கட்டும்: டியூஷன் சேர், கோயில் ஐயா, பங்குத் தந்தை, மேல்மாடி அன்ரி, யாராவது. தாய் தகப்பனிடம் தனியாகவும் பிள்ளையிடம் தனியாகவும் கதையுங்கள். பெற்றோர் பெருமையில் சரி என்று சொல்லியிருப்பார்கள். பிள்ளைக்கு மேடை என்றாலே உடம்பு கூசும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்.

கேட்க வேண்டியவை சில: விழா வேண்டுமா, வேண்டாமா? படம் போடலாமா? பள்ளிக்கூடத்தின் பெயர் வரலாமா? அன்று நடந்ததை யார் சொல்ல வேண்டும்? யார் வந்தால் சந்தோஷம், யார் வரக்கூடாது? கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். குடும்பத்துக்குள் ஒரு மனஸ்தாபம் இருக்கலாம். அயலில் ஒருவர் அன்று கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம், அது அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

வேண்டாம் என்று சொன்னால் அதுதான் முடிவு. கட்டாயப்படுத்திப் போடும் மாலை மரியாதை ஆகாது. அந்த நிலையிலும் கீழே வரும் வேலைகளில் மேடையைத் தவிர மற்றதெல்லாம் செய்யலாம்.

காப்பாற்றப்பட்டவரிடமும் கேட்க வேண்டும். இதை அநேகமானவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேடையில் ஏற்றி, "இந்தத் தம்பி இல்லாவிட்டால் நீ இன்று இல்லை" என்று ஒரு குழந்தையிடமோ ஒரு பெண்ணிடமோ சொல்வது, வாழ்நாள் முழுக்கச் சுமக்கிற கடனைத் தலையில் ஏற்றுவது. அவர்கள் தாங்களாக வந்தால் வரட்டும். வராவிட்டால் நன்றிகெட்டவர்கள் என்று யாரும் பேச இடம் கொடுக்காதீர்கள்.

2. நடந்ததைச் சரியாக எழுதுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் எடுக்க வேண்டியது இதற்குத்தான். விருதுக்கு விண்ணப்பிக்க, பத்திரிகைக்குக் கொடுக்க, கல்லில் பொறிக்க, பின்னாளில் அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும்போது காட்ட என்று எல்லாவற்றுக்கும் அடி இந்த ஒரு பக்கம்.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. பழைய நடுகற்களைப் பாருங்கள். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூர் கல் 7 ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், பெயர் கருந்தேவகத்தி, எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். அவ்வளவுதான் செய்தி. பக்கத்திலேயே அவனோடு நின்ற கோவிவன் என்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று தனி வரி. நாய்க்கும் பெயர் சொல்லி, அது செய்ததையும் சொல்லியிருக்கிறார்கள். புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு மேலாகியும் அவனையும் நாயையும் நமக்குத் தெரிகிறது.

லண்டனில் போஸ்ட்மன்ஸ் பூங்காவில் ஓவியர் ஜோர்ஜ் பிரெடெரிக் வொட்ஸ் 1900 இல் அமைத்த நினைவுச் சுவரும் இதே முறையில்தான் இருக்கிறது. மற்றவர்களைக் காப்பாற்றப்போய் இறந்த சாதாரண மனிதர்களுக்கு ஆளுக்கொரு ஓட்டுப் பலகை. அதில் ஒன்று 11 வயதுச் சிறுவன் சொலமன் கலமனுடையது. 1901 செப்டெம்பரில் கொமர்ஷல் வீதியில் வண்டியில் அகப்பட இருந்த தம்பியைக் காத்தவன். "அம்மா, அவனைக் காப்பாற்றிவிட்டேன், என்னைத்தான் காப்பாற்ற முடியவில்லை" என்று அவன் சொன்னது பலகையில் இருக்கிறது. பெயர், வயது, தேதி, இடம், செய்த காரியம். இவற்றை வைத்தால் போதும், படிக்கிறவருக்குக் கண் கலங்கும்.

எழுதும் முறை இப்படி இருக்கட்டும். சம்பவம் நடந்த ஒரு வாரத்துக்குள் நேரில் பார்த்தவர்கள் மூன்று நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒரே அறையில் வைத்துக் கேட்டால் சத்தமாகப் பேசுகிறவரின் கதைதான் மிஞ்சும். அவரவர் மொழியிலேயே எழுதி, திகதி போட்டு, கையொப்பம் வாங்குங்கள். கொழும்பில் சாட்சிகளில் பாதிப்பேர் சிங்களத்தில்தான் சொல்வார்கள். மொழிபெயர்த்ததோடு மூலத்தையும் சேர்த்து வையுங்கள். பிள்ளையின் வாயால் வருவதைக் கடைசியில், அவர் தயாராக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். ஒரே தடவை போதும். அதன்பிறகு யார் கேட்டாலும் இந்தத் தாளைக் காட்டினால், பிள்ளை அதே இரவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.

மாதிரிக்கு ஒரு வாசகம் தருகிறேன். பெயர் வரும் இடத்தில் இன்னார் என்று போட்டிருக்கிறேன்:

"தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் எரிவாயு கசிந்து சமையலறை தீப்பற்றிய மாலையில், பக்கத்து வீட்டில் தனியாக இருந்த இரு சிறுவர்களை, தரம் 10 மாணவி இன்னார் நனைத்த துவாயால் போர்த்திப் படிக்கட்டு வழியாகக் கீழே கொண்டுவந்தார். காவலாளியிடம் சொல்லி 110 ஐ அழைக்கச் செய்தார். அவரது இடது முழங்கையில் தீக்காயம் ஏற்பட்டது. இரு சிறுவர்களும் நலமாக இருக்கிறார்கள்."

இதில் சிங்கப்பெண்ணும் இல்லை, வீரத்திருமகளும் இல்லை. துவாயை நனைத்தது இருக்கிறது, லிப்டைத் தவிர்த்துப் படிக்கட்டால் இறங்கியது இருக்கிறது, தீயணைப்புப் படைக்குச் சொன்னது இருக்கிறது. ஒரு பிள்ளை அந்தப் புகையிலும் யோசித்து நடந்திருக்கிறது என்பது இந்தச் சின்ன விவரங்களில்தான் தெரியும். கூட்டிச் சொல்லாதீர்கள். இரண்டு பேரைக் காப்பாற்றியதை ஐந்து பேர் என்று யாரோ முகநூலில் போட்டுவிட்டால், பின்னர் உண்மை தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளையைத்தான் பொய்க்காரியாகப் பார்ப்பார்கள்.

கூடவே சேர்த்துவைக்க வேண்டிய காகிதங்கள்: பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலையில் கொடுத்த துண்டுகள், தீ விபத்து என்றால் கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவிடமிருந்து ஒரு கடிதம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

3. சம்பவத்தில் குற்றவாளி இருந்தால் நின்று யோசியுங்கள்

வெள்ளமோ தீயோ என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் பிள்ளை தடுத்தது ஒரு மனிதனை என்றால், அவர் இனி நீதிமன்றத்தில் சாட்சி. அவரது முகம், பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், டியூஷன் போகும் நேரம் எதுவும் வெளியே வரக்கூடாது. பிணையில் வந்தவனுக்கோ அவனது ஆட்களுக்கோ நாமே விலாசம் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க இலங்கையில் 2015 இல் 4 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 2023 இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்தது. அச்சுறுத்தல் வந்தால் பாதுகாப்புக் கேட்க உரிமை உண்டு. ஒரு சட்டத்தரணியோடு கதைத்துவிட்டே மற்றதைத் தொடங்குங்கள். பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும் இருக்கிறது. விழாவை வழக்கு முடியும்வரை தள்ளிவைப்பதில் ஒரு குறையும் இல்லை.

4. உடம்பையும் மனதையும் பாருங்கள்

தீக்காயம் ஆறுவது தோல் மூடுவதோடு முடிவதில்லை. மூட்டு மேல் காயம் என்றால் தோல் இழுத்துப் பிடிக்கும். கையை முழுதாக நீட்ட முடியாமல் போகும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது, சிறுவர்களுக்குப் பொரளை சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலை. சிகிச்சை இலவசம்தான், ஆனால் மாதக்கணக்கில் கிளினிக், உடற்பயிற்சி, களிம்பு, ஓட்டோக் காசு, தாய் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் என்று வீட்டுக்குச் செலவு ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே உங்கள் குழுவில் ஒருவர் கிளினிக் திகதிகளைத் தன் தொலைபேசியில் குறித்து, முறை போட்டு வாகனம் ஒழுங்கு செய்யட்டும். பொன்னாடையைவிட இது அந்தத் தாய்க்குப் பெரிய மரியாதை.

மனது விஷயம் இதைவிடச் சிக்கலானது. ஊர் முழுக்க ஹீரோ என்று கொண்டாடும் பிள்ளை இரவில் தூங்காமல் இருக்கும். மண்ணெண்ணெய் வாசம் பட்டால் நடுங்கும், கடற்கரைப் பக்கம் போகாது, பாடத்தில் மனம் நிற்காது. மூன்று பேரில் இரண்டு பேரைத்தான் காப்பாற்ற முடிந்தது என்றால், அந்த மூன்றாவது ஆள்தான் எப்போதும் நினைவில் நிற்பார். "நீ பெரிய வீரன், உனக்கென்ன பயம்" என்று நாம் சொல்லச் சொல்ல, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் வழி அடைபடும்.

அதனால் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "அந்த நேரம் உனக்கு எப்படி இருந்தது?" என்று மேடையிலும் கமராவுக்கு முன்னாலும் கேட்காதீர்கள். வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள், கிரிக்கெட் கதையுங்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். ஒரு மாதம் கழித்தும் தூக்கமும் சாப்பாடும் சரிவரவில்லை என்றால் வைத்தியரைப் பாருங்கள். றிஜ்வேயில் சிறுவர் மனநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம், 1333 இலும் மனம்விட்டுக் கதைக்கலாம். மனநலம் என்றதும் "பிள்ளைக்குப் பைத்தியம் என்று சொல்வார்கள்" என்று பெற்றோர் தயங்குவார்கள். அவர்களோடு கூடப்போக ஒருவர் இருந்தால் அந்தத் தயக்கம் பாதி குறையும்.

5. பணத்தை மேடையில் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் 1904 இல் ஹார்விக் சுரங்க வெடிப்பில் சிக்கியவர்களை மீட்க உள்ளே போன இருவர் இறந்தபோது, அன்ட்ரூ கார்னகி ஐம்பது லட்சம் டொலர் வைத்து ஒரு நிதியம் தொடங்கினார். பதக்கம் கொடுப்பதோடு, காயப்பட்டவரின் பராமரிப்பையும் இறந்தவரின் குடும்பத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் அது பார்க்கிறது. இந்தியாவிலும் 1957 இல் டில்லியில் தீப்பற்றிய பந்தலை ஏறி வெட்டி நேரு உட்படப் பலரைக் காத்த 14 வயதுச் சாரணன் ஹரிஷ் மெஹ்ராவோடு தொடங்கிய சிறுவர் வீரவிருது, பதக்கத்தோடு பள்ளிச் செலவையும் சேர்த்தே கொடுத்துவந்தது. துணிவுக்கு விலை கட்ட முடியாது, ஆனால் அதனால் வந்த செலவை மற்றவர்கள் ஏற்கலாம் என்பதுதான் இதில் உள்ள நியாயம். நமக்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு ஒழுங்கையில் நாற்பது வீடு மாதம் ஒரு சிறு தொகை போட்டாலே உயர்தரம் முடியும்வரை டியூஷன் காசு வந்துவிடும்.

கடித உறைக்குள் வைத்து மேடையில் கொடுத்து, தொகையை ஒலிபெருக்கியில் சொல்வது வேண்டாம். மறுநாளே தெரிந்தவர், தெரியாதவர் கடன் கேட்டு வருவார்கள். வங்கியில் பிள்ளையின் பெயரில் சிறுவர் கணக்கு திறந்து அதில் போடுங்கள்; 18 வயது வரை அது பாதுகாப்பாக இருக்கும். உடனடிச் செலவுக்கான பகுதியைத் தனியாகப் பெற்றோரிடம் கொடுங்கள். குழுவின் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். காசு விஷயத்தில் ஒரு சின்னக் கசப்பு வந்தால், "அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சேர்த்தார்கள்" என்று கடைசியில் அந்தப் பெயர்தான் அடிபடும்.

படிப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. காயத்தால் தவணைப் பரீட்சையோ சாதாரண தரமோ தவறியிருந்தால் வைத்தியக் கடிதத்தோடு அதிபரைச் சந்தியுங்கள். வகுப்பு நண்பர் ஒருவர் குறிப்புகளைக் கொண்டுவந்து கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள்.

6. விழா வைப்பதென்றால்

சின்னதாக வையுங்கள். வெள்ளவத்தைக்காரர்களுக்குத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் கோயில் மண்டபமோ பங்கு மண்டபமோ, எல்லாவற்றையும்விட நல்லது பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டம். சக மாணவர்கள் முன்னால் அதிபர் அந்த ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுவதற்கு இணை இல்லை. வெளியே ஒலிபெருக்கி கட்டுவதென்றால் பொலிஸ் அனுமதி வேண்டும், வீதியில் பனர் கட்ட மாநகர சபை அனுமதி வேண்டும். முன்கூட்டியே போய்க் கேளுங்கள். அழைப்பிதழிலும் பனரிலும் அரசியல் நிறம் ஏறக்கூடிய சொற்களைத் தவிருங்கள்; செய்த செயலை நேராகச் சொன்னால் யாருக்கும் வேறு அர்த்தம் தோன்றாது.

நிகழ்ச்சி நிரலைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நம் விழாக்களில் மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, விழா நாயகன் வரும்போது பாதிச் சனம் பஸ்ஸுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளையோ முன்வரிசையில் இறுக்கிய கொலரோடு இரண்டு மணி நேரம் இருந்திருக்கும். தலைகீழாக மாற்றுங்கள். விளக்கேற்றியவுடன் சம்பவத்தை வாசியுங்கள். அடுத்ததாகவே மரியாதை. பிறகு இரண்டு பேர் பேசட்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஏற்புரை கட்டாயமில்லை; நன்றி என்று ஒரு சொல் சொன்னாலும் போதும், அண்ணாவோ அக்காவோ சார்பில் சொன்னாலும் போதும். அப்புறம் றோல்ஸும் பற்றீஸும் தேத்தண்ணியுமாக எல்லோரும் கதைத்துக்கொண்டு நிற்கும் நேரம். பிள்ளையின் முகத்தில் சிரிப்பு வருவது அப்போதுதான்.

பொன்னாடையை யார் போர்த்துவது? ஒழுங்கையில் மூத்த அம்மம்மா போர்த்தட்டும். அவரது கை நடுங்கும், சால்வை ஒரு பக்கம் சரியும், பிள்ளை குனிந்து கொடுக்கும். எந்தப் பிரமுகர் போர்த்தினாலும் அது அப்படி அமையாது. அரசியல்வாதிகளை அழைக்காமல் இருப்பது நல்லது. வந்தே ஆவேன் என்றால் வரட்டும், சபையில் இருக்கட்டும். பனரில் அவரது படம் வேண்டாம்.

சிங்கள, முஸ்லிம் அயலவர்களை அவரவர் மொழியில் அழைப்பிதழ் கொடுத்துக் கூப்பிடுங்கள். சம்பவத்தை மூன்று மொழியிலும் வாசியுங்கள். இப்படிப்பட்ட ஒரு பிள்ளை யார் எந்தச் சாதி சனம் என்று பார்த்துக்கொண்டு தீக்குள் போயிருக்காது. சபையும் அப்படியே இருக்கட்டும்.

7. பிள்ளை உயிரோடு இல்லை என்றால்

இங்கே அவசரமே கூடாது. முதல் மாதம் வீட்டாருக்கு உரியது. சைவக் குடும்பம் என்றால் எட்டுச்செலவு, அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்று அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். கத்தோலிக்கர் என்றால் திருப்பலிகள். முஸ்லிம் வீடென்றால் துஆ; அங்கே படத்துக்கு மாலை, விளக்கு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். இந்த நாட்களில் சமூகம் செய்ய வேண்டியது சமையலுக்கும் கதிரைக்கும் ஆள் நிற்பதுதான், தனியாக அஞ்சலிக் கூட்டம் போடுவதல்ல.

31 ஆம் நாளுக்கு நம்மவர்கள் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கும் வழக்கம் இருக்கிறது. குடும்பம் விரும்பினால் நீங்கள் எழுதிவைத்த அந்த ஒரு பக்கத்தை அதில் சேர்க்கக் கொடுங்கள். அந்தப் பிள்ளை எப்படி இறந்தது என்பது மட்டும் வந்தால் போதாது. எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டது, கணக்கில் எத்தனை வாங்கியது, தங்கையோடு எதற்குச் சண்டை பிடித்தது என்பதெல்லாம் நண்பர்களிடம் கேட்டு எழுதிச் சேர்த்தால், பெற்றோர் பல வருடம் அதைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஈழத்து நினைவு மலர்களை அவர்கள் எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறார்கள். கடைசிப் புத்தகம் கறையான் அரித்தாலும் பெயர் இருக்கும்.

"அவன் சாகவில்லை", "நாட்டுக்காகக் கொடுத்துவிட்டீர்கள்" என்றெல்லாம் தாயிடம் சொல்லாதீர்கள். அவர் கொடுக்கவில்லை, இழந்தார். பாகிஸ்தானின் ஹங்கு மாவட்டத்தில் 2014 ஜனவரி 6 அன்று பள்ளி வாசலில் தற்கொலைக் குண்டுதாரியைத் தடுத்து இறந்த 15 வயது அய்த்சாஸ் ஹசனுக்கு அரசு சித்தாரா-இ-சுஜாத் விருது கொடுத்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டுதாரியை உள்ளே விடாமல் தடுத்தவரும் ஒரு தகப்பன். எவ்வளவு பெரிய விருது வந்தாலும் அந்த வீடுகளில் ஒரு கதிரை வெறுமையாகத்தான் இருக்கிறது. பேச வார்த்தை இல்லை என்றால் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். முதல் வருட நினைவுக்கு மட்டுமல்ல, மூன்றாம், நான்காம் வருடமும் போங்கள். அப்போதுதான் யாரும் வரமாட்டார்கள்.

8. அரச அங்கீகாரமும் நினைவுப் பலகையும்

1986 இல் தொடங்கிய இலங்கைத் தேசிய விருதுகளில் வீர சூடாமணி, வீர பிரதாப என்ற இரண்டும் துணிகரச் செயல்களுக்கு உரியவை. ஜனாதிபதி வழங்குவார். வருடந்தவறாமல் கொடுக்கப்படுவதில்லை, விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும்போது ஆயத்தமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் முன்னே சொன்ன காகிதங்கள். பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்களுக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக்குக் கொழும்பு பிரதேச செயலகம். பிள்ளை சாரணராகவோ மாணவர் படையிலோ இருந்தால் அங்கேயும் பொறுப்பாசிரியர் வழியாக எழுதுங்கள். பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தில் இந்தச் செயலைக் குறிக்கச் சொல்லி அதிபரிடம் கேட்பது சுலபம், பலன் அதிகம்.

பலகை வைப்பதென்றால் இடத்துக்கு ஏற்ப அனுமதி மாறும்: வீதியும் பூங்காவும் மாநகர சபை, தண்டவாளப் பக்கம் ரயில்வே திணைக்களம், கடற்கரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். தொடர்மாடி வாசல், பள்ளி நூலகச் சுவர், கோயில் வெளிவீதி என்றால் சொந்தக்காரர் சம்மதித்தாலே போதும். மூன்று மொழியிலும் எழுதுங்கள், எழுத்துப் பிழை பார்க்க ஒரு தமிழாசிரியரிடம் கொடுங்கள். சிலையைப் பற்றி யோசிப்பவர்கள் அந்தக் காசை அடுத்த வேலைக்கு வைத்திருங்கள்.

9. அடுத்த பிள்ளை சாகாமல் இருக்க

ஒரு பிள்ளையைப் பாராட்டும்போது சபையில் ஐம்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அலை கண்டதும் பாய வேண்டும் என்று அவர்கள் படித்துவிட்டால் அந்தப் பழி நம்முடையது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் வெள்ளவத்தை, தெஹிவளைக் கடல் கொந்தளிக்கும். நீந்தத் தெரிந்தவனையும் நீரோட்டம் இழுத்துப்போகும், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து தாழ்வது அங்கே நடக்கிறது. ஆகவே வருடாவருடம் அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு பயிற்சி நாள் வையுங்கள். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் இரண்டும் முதலுதவி வகுப்பு எடுக்கின்றன. நீச்சலுக்கும் உயிர்காப்புக்கும் இலங்கை உயிர்காப்புச் சங்கம் இருக்கிறது.

அன்று பிள்ளைகளுக்குக் கையால் செய்து காட்ட வேண்டியவை: மூடிய வெறும் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானில் கயிறு கட்டி எறிவது, தடியோ சேலையோ நீட்டுவது, தண்ணீருக்குள் இறங்கும் முன் கத்தி ஆள் கூப்பிடுவது. நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியே வருவது. காஸ் வாசம் வந்தால் சுவிச்சைத் தொடாமல் ரெகுலேட்டரைப் பூட்டி, யன்னலைத் திறப்பது. தீக்காயத்தில் பற்பசை பூசாமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிப்பது. நெஞ்சு அழுத்தும் முறை. இலக்கங்கள்: தீக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. சின்னவர்களும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

10. பழைய பெயர்களையும் சேருங்கள்

இவ்வளவும் இப்போது நடக்கும் சம்பவத்துக்கு. கொழும்பில் நாம் செய்யாமல் விட்டது ஒன்று இருக்கிறது. 1983 யூலையில் தமிழ்க் குடும்பங்களை வீட்டுக்குள் ஒளித்து வைத்து, வாசலில் வந்து நின்ற கும்பலிடம் இங்கே யாரும் இல்லை என்று சொன்ன சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் பலர். அவர்களில் பள்ளி மாணவர்களும் இளைஞர்களும் இருந்தார்கள். நம் வீடுகளில் அந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது, ஆனால் பெயரோடு எழுதிவைத்தவர்கள் குறைவு.

அன்று இருபது வயதானவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. முறை அதேதான்: உங்கள் அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ உட்கார்ந்து கேளுங்கள், எந்த வீதி, எந்த வீடு, யார் கதவைத் திறந்தார், எத்தனை நாள் வைத்திருந்தார், என்ன சாப்பாடு கொடுத்தார். தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். முடிந்தால் அந்தக் குடும்பத்தைத் தேடிப்பிடித்து, அவர்களின் சம்மதத்தோடு மட்டும் பெயரை எழுதுங்கள். அப்புறம் பழங்கள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். என்ன எழுதினீர்கள் என்பதை அவர்களுக்கு அவர்களின் மொழியில் வாசித்துக் காட்டுங்கள், பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், ஒரு பிரதியை அவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் கொடுங்கள்.